எலிக்குக் கேட்ட மருந்து

சிக்னலில் சிவப்பு விழுந்ததும் டிரைவர் அண்ணன் சிரிப்பார். யாரையும் பார்த்து இல்லை, தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து. பல் தெரிய ஒரு சிரிப்பு. வாயின் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி மேலே போகிறதா என்று பார்த்ததும் சிரிப்பை மடித்து வைத்துவிடுவார். அப்புறம் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு நீட்டி, கண்ணை மூடித் திறப்பார். எந்தக் கையும் கீழே இறங்கியிருக்காது. கடைசியாக, இனி வரப்போகிற நிறுத்தங்களின் பெயரை வரிசையாகச் சத்தம் போட்டுச் சொல்வார். "தண்ணித் தொட்டி, கோர்ட்டு, பெரிய பாலம், பழைய மார்க்கெட்டு, ஆஸ்பத்திரி, ஸ்டேஷன்." நாக்கு எங்கேயும் தடுக்காது. பச்சை விழும். "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு விட்டுக் கியரைத் தள்ளுவார்.

அடுத்த சிக்னலில் மறுபடியும் முதலிலிருந்து.

புதிதாக ஏறுகிறவர்கள் மிரண்டுபோவார்கள். ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்ற லாரிக்காரர், யாரோ தெரிந்தவர் போலிருக்கிறது என்று தானும் ஈயென்று இளித்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். இன்னொரு நாள் ஒரு கல்லூரிப் பெண், "இந்த ஆளு கண்ணாடியில என்னையே பாத்துச் சிரிக்கிறாரு" என்று கண்டக்டரம்மாவிடம் புகார் செய்தாள். கண்டக்டரம்மா டிக்கெட்டைக் கிழித்தபடியே, "உன்னையா? அட போம்மா. அவரு மூளை இருக்குதா இல்லியான்னு பாத்துக்கறாரு. நீ உக்காரு" என்றார். பஸ்ஸே சிரித்தது. அண்ணனும் சிரித்தார், ஆனால் ஒரு கண் கண்ணாடியில் இருந்தது.

நான் அந்தப் பஸ்ஸில் எஞ்சினுக்கு இடது பக்கத்து ஒற்றை ஸீட்டுக்காரி. டயர் கம்பெனி ஆபீஸில் வேலை. மூக்குக் கண்ணாடியும் குடையும் வைத்திருக்கிற காரணத்தால் அவருக்கு நான் டீச்சர். "நான் டீச்சர் இல்லண்ணே" என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து, கடைசியில் நானே ஒப்புக்கொண்டுவிட்டேன். ஒரு தடவை பிரேக் போடும்போது முன்னால் சரிந்த யாரோ ஒருவரை, "பாத்து நில்லுங்க" என்று நிஜமாகவே டீச்சர் குரலில் அதட்டினேன். அண்ணனுக்குப் பரம திருப்தி.

நல்ல வண்டியோட்டி, அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஹாரன் அடிக்கக் கூச்சப்படுவார். ஓடி வருகிற கிழவருக்காகக் காத்திருப்பார். கண்டக்டரம்மாவின் இரட்டை விசில் காதில் விழாமல் வண்டியை ஒரு அங்குலம்கூட நகர்த்த மாட்டார். "கதவுப் பக்கம் என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. தங்கச்சிக்குத்தான் தெரியும். அவ ஊதினா போறேன், ஊதலேன்னா இங்கியே குடியிருக்கேன்" என்பார். இப்படிப்பட்ட மனிதருக்கு டிப்போவில் வைத்திருக்கிற பட்டப்பெயர் 'அவசரம்'. "அவசரம் வந்தாச்சா?" என்று டைம்கீப்பர் ஜன்னல் வழியாகக் கேட்பார், சுற்றி நிற்பவர்கள் கொல்லென்று சிரிப்பார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போடுவார். எனக்கு அதன் அர்த்தம் ரொம்ப நாள் விளங்கவில்லை.

மற்ற டிரைவர்கள் துடைக்கிற துணியைத் திணித்து வைக்கிற கம்பிக் கூடையில் அண்ணன் மூன்று புட்டிகள் வைத்திருந்தார். வண்டி வளைவில் திரும்பினால் மூன்றும் ஒன்றோடொன்று இடித்துக் கடகடக்கும். மஞ்சள் மூடி போட்டதில் மஞ்சள் கிழங்கின் சாற்றில் செய்த மாத்திரை. பச்சை மூடியில் வல்லாரை. கருப்பு மூடியில் ஏதோ வெளிநாட்டு மரத்தின் இலை. அதன் பெயரை அவர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொன்னதால் எனக்கும் தெரியாது. எல்லாவற்றின் மேலும் ஒரு இலைப் படம், 'முழுக்க முழுக்கத் தாவரம்' என்ற எழுத்து. பக்கவாதம் வந்து மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால்கூட, மூளை பாழாகாமல் இந்தச் சாறுகள் காபந்து பண்ணுமாம். போன் வீடியோவில் ஒரு வெள்ளைக் கோட்டுக்காரர் அடித்துச் சொன்னாராம். அவர் என்ன படித்தவர் என்று கேட்டால், "கோட்டு போட்டிருந்தாரே" என்பார்.

"எலியை வெச்சுப் பாத்திருக்காங்க டீச்சர். மருந்து குடுத்த எலிக்கு மூளையில சேதாரம் ரொம்பக் கம்மியாம். குடுக்காத எலி அப்படியே படுத்துடுச்சாம்."

"எலி பஸ்ஸா ஓட்டுது அண்ணே? அதுக்கென்ன டைம்கீப்பரா இருக்கான்?" என்று பின்னாலிருந்து கண்டக்டரம்மா குரல் கொடுப்பார்.

"எலிக்குக் கேட்ட மருந்து மனுஷனுக்குக் கேக்காதா? உசிரு உசிருதானே தங்கச்சி."

இதற்குமேல் யாரும் வாதம் பண்ண மாட்டார்கள். மருந்துக்கடை வைத்திருக்கிற அம்மா ஒருவர் தண்ணித் தொட்டியில் ஏறுவார். ஒரு நாள் அவர் புட்டிகளை வாங்கிப் பொடி எழுத்தைப் படித்தார். "இதெல்லாம் விஷம்னு நான் சொல்லலை. எலியில பாத்தது நிஜமா இருக்கலாம். மனுஷனுக்கு என்ன பண்ணும்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது. இந்தக் கருப்பு மூடி ரத்தத்தைக் கொஞ்சம் நீர்க்க வைக்கும்னு சொல்வாங்க. டாக்டர் காதுல போட்டுட்டுச் சாப்பிடுங்க. எதைச் சாப்பிட்டாலும் பிரஷர் மாத்திரையை மட்டும் விட்றாதீங்க, அதான் முக்கியம்" என்றார். "சேச்சே, விடுவேனா?" என்றார் அண்ணன். அந்த நேரம் பார்த்துச் சிவப்பு விழுந்தது. அவர் சிரித்துப் பார்த்துக்கொள்ளவில்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

பக்கவாதம் வருமோ என்கிற இந்தப் பயத்துக்கு ஒரு வீடு உண்டு. அண்ணனுடைய மச்சான், அதாவது அண்ணியின் கூடப் பிறந்தவர், லாரி ஓட்டியவர். ஸ்டெப்னி டயரை ஒற்றை ஆளாகத் தூக்கி மாட்டுவாராம். அவருக்குப் பக்கவாதம் அடித்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல், 'சரி'. பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணன் போய் அவருக்கு முகச் சவரம் பண்ணி விடுவார். "கன்னத்தைப் பிடிச்சா, இந்தப் பக்கம் கல்லு மாதிரி இருக்குது டீச்சர். அவரு என்னியப் பாக்கறாரு. உள்ள முழு ஆளும் உக்காந்திருக்காரு, வெளிய வர வழி தெரியலை" என்று ஒரு திங்கட்கிழமை சொன்னார். அன்று முழுக்கச் சிக்னல் இல்லாத இடத்தில்கூடச் சிரித்துப் பார்த்துக்கொண்டார்.

மச்சானுக்கும் முன்பே பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். "எனக்கென்ன கேடு" என்று அவர் தூக்கிப் போட்டுவிட்டார். அண்ணி ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர். வேலை முடிந்ததும் தன் அண்ணனான அந்த மச்சான் வீட்டுக்குப் போய் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுத்தான் தன் வீட்டுக்கு வருவார். ஊட்டும்போது கை பாட்டுக்கு ஊட்டும், வாய் பாட்டுக்குத் திட்டும். "தெரிஞ்சே பண்ணினியே. விதி வந்து அடிச்சிருந்தா நான் அழுதுட்டுப் போயிருப்பேன். நீயா வாங்கிக்கிட்ட. எங்க எல்லாரையும் சேத்துப் படுக்க வெச்சுட்ட. இதை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்." மச்சான் வாயைத் துடைத்துக்கொள்ள முடியாமல், "சரி" என்பாராம்.

இதைச் சொல்லும்போது அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

புருஷன் விஷயத்தில் அண்ணி அந்தத் தப்பு நடக்க விடுவதாக இல்லை. தினம் காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, தண்ணீரை நீட்டி, முழுங்குகிற வரைக்கும் எதிரிலேயே நிற்பார். "எங்க, வாயைத் திறங்க" என்று பார்த்த பிறகுதான் சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுப்பார். "என்னை ஒண்ணாம் வகுப்புல உக்கார வெச்சுட்டா டீச்சர்" என்று அண்ணன் பெருமையாக அலுத்துக்கொள்வார். கொடுத்து வைத்த மனிதர் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு நாள், ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் வண்டி திரும்பக் கிளம்பும் நேரத்துக்காகக் காத்திருந்தோம். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "டீச்சர், ஒண்ணு சொல்வேன். உங்க காதோட போகணும்" என்றார். நான் வேறு ஏதோ வீட்டுச் சண்டை என்று நினைத்து, ஆசையாகக் காதைக் கொடுத்தேன். புத்தி.

"அந்த மாத்திரையை நான் முழுங்கறதில்ல."

"எந்த மாத்திரையை?"

"பிரஷர் மாத்திரைதான். பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவுல ஒதுக்கிக்குவேன். தெருமுனை தாண்டினதும் துப்பிடுவேன். லீவு நாள்ல மட்டும் ஒழுங்கா முழுங்கறேன்" என்றார், அதற்கு நான் மார்க் போட வேண்டும் என்பதுபோல.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். ஏன் என்று கேட்டேன்.

"அதைப் போட்டா தண்ணியா இறங்குது டீச்சர். உடம்புல இருக்கற உப்பையும் தண்ணியையும் வெளிய தள்ளறதுக்குத்தான் அந்த மாத்திரையே. வீட்டுல உக்காந்திருக்கறவனுக்குச் சரி. நான் எங்க போவேன்? இந்தக் கோடியில ஏறினா அந்தக் கோடியிலதான் இறங்க முடியும். நடுவுல பாலம். பாலத்துல மாட்டினா அவ்ளோதான்."

அப்படி ஒரு நாள் மாட்டியிருக்கிறார். அடக்கி அடக்கிப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வந்து, வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ரோட்டைத் தாண்டிப் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஓடியிருக்கிறார். பஸ் நிறைய ஜனம். எவனோ ஒரு புண்ணியவான் அதைப் போனில் படம் பிடித்து, அது டிப்போ முழுக்கச் சுற்றியிருக்கிறது. 'அவசரம்' என்ற பட்டம் அன்றைக்கு வந்தது. நாலு பேர் எதிரில் சத்தமாகப் பேசவே கூச்சப்படுகிற மனிதர். அன்றோடு மாத்திரையை விட்டுவிட்டார். அந்த ஓட்டையை அடைக்கத்தான் புட்டிகள் வந்தன, முதலில் ஒன்று, அப்புறம் இன்னொன்று, பயம் கூடக் கூட மூன்றாவது. மூளையைக் காப்பாற்ற இத்தனை புட்டி, நிஜமாகவே காப்பாற்றக் கூடிய ஒன்றை மட்டும் சாக்கடையில் துப்புகிறார். இதைக் கேட்டால் யாருக்குத்தான் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றாது? நான் நிஜமாகவே அடித்துக்கொண்டேன்.

"அண்ணே, உங்களுக்கு வெக்கமா இல்ல? டாக்டர்கிட்ட 'இது எனக்கு ஒத்துவரலை'ன்னு ஒரு வார்த்தை சொன்னா வேற மாத்திரை எழுதிக் குடுத்துட்டுப் போறாங்க!"

"கேப்பாங்களே டீச்சர். எத்தனை நாளாப் போடலைன்னு கேப்பாங்க. டிப்போவுக்குக் காயிதம் போகும். ஸ்டியரிங்கைப் பிடுங்கிட்டு என்னை வண்டி கழுவ விடுவாங்க. அதுகூடப் போகட்டும்..." டீயில் விழுந்த தூசியை விரலால் எடுத்துப் போட்டார். "அவளுக்குத் தெரிஞ்சா? அவங்க அண்ணனையே மன்னிக்காதவ. என்னை விடுவாளா? சாகறது பரவால்ல டீச்சர். மச்சான் மாதிரி விழுந்து, அவ எனக்கு ஊட்டி விடும்போது அந்தப் பேச்சை நான் கேக்கணும் பாருங்க, அதை நினைச்சாத்தான்..."

சட்டைப் பைக்குள் கையை விட்டுப் புட்டியை எடுத்தார். கருப்பு மூடியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. பாலத்தில் வண்டி ஏறும்போது முன் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வேன். கீழே ஆறு, உள்ளே இத்தனை ஜனம், முன்னால் இந்த மனிதரும் இவருடைய எலி மருந்தும். தினம் ஏறி உட்கார்ந்ததும், "சொன்னீங்களா?" என்பேன். "வர்ற வாரம் டீச்சர்" என்பார். நான் அண்ணியிடம் போட்டு உடைத்துவிடுவேன் என்று மிரட்டினேன். "உடைங்க. உங்க தம்பியா இருந்தா உடைப்பீங்களா?" என்றார். ஒன்றிரண்டு நாள் வேறு பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். அங்கே உட்கார்ந்துகொண்டும் இவர் இப்போது பாலத்தில் இருப்பாரே என்றுதான் நினைப்பு ஓடியது. திரும்பி வந்துவிட்டேன். அவர் சிரிக்கிற ஒவ்வொரு சிவப்பிலும் நானும் கண்ணாடியில் அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயம் ஒட்டுவாரொட்டி. ஒரு நாள் ஆபீஸ் குளியலறையில் நானே கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், கூட வேலை செய்கிறவள் கதவைத் திறந்துவிட்டு, "ஸாரி" என்று சாத்திக்கொண்டு போனாள்.

போன செவ்வாய்க்கிழமை கோர்ட்டு தாண்டியதும் வண்டி நிரம்பி வழிந்தது. பாலத்துக்கு முந்தின திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார். கியர் மேல் இருந்த இடது கை நழுவித் தொடை மேல் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். வேறு யாருடைய கையோ அங்கே கிடக்கிற மாதிரி பார்த்தார்.

"டீச்சர், கியர் எங்க?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை வளைத்து, வண்டியைத் தானாக உருளவிட்டு, ஓரமாகக் கொண்டுபோய் ஒரு குலுக்கல் இல்லாமல் நிறுத்தினார். வலது கையால் பார்க்கிங் பிரேக்கை இழுத்தார். அதற்கப்புறம்தான் கண்ணாடியில் சிரித்தார். வாயின் ஒரு ஓரம் மேலே போனது. இன்னொரு ஓரம் போகவில்லை. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"கண்டக்டரம்மா!" என்று நான் கத்திய கத்தலில் பின் ஸீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது. அதற்குள் அவர் கூடையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, மார்போடு அணைத்துப் பிடித்து, ஒரே கையால் மூடியைத் திருகியிருந்தார். பாதி மாத்திரைகள் பெடல்களுக்கு நடுவில் உருண்டன. ஒன்றை வாய்க்குக் கொண்டுபோனார். கண்டக்டரம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அதைத் தட்டிவிட்டார். "அண்ணே, இப்ப ஒண்ணும் முழுங்கக் கூடாது, தொண்டையில அடைச்சுக்கும்! இருங்க, ஆம்புலன்ஸுக்குப் போடறேன்." அவர் போனில் பேசிக்கொண்டிருக்க, ஜனம் ஒவ்வொருவராகக் கீழே இறங்க, நான் அண்ணனுடைய இடது கையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது ஜில்லென்றுகூட இல்லை. சும்மா கனமாக இருந்தது.

பிறகு அந்த விரல்கள் அசைந்தன. முதலில் சுண்டுவிரல். கொஞ்ச நேரத்தில் முழுக் கையும் மடங்கியது. கோணிய வாய் நேரானது. அவர் கண்ணாடியைப் பார்த்தார், கையை நீட்டினார், நிறுத்தங்களைச் சொன்னார். ஓரிரண்டு எழுத்து குழறினாலும் எல்லாம் வரிசையாக வந்தன.

"கேட்டுடுச்சு டீச்சர்! மருந்து கேட்டுடுச்சு!"

முழுங்காத மருந்து எப்படி ஐயா கேட்கும்? எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஸீட்டில் நேராக உட்கார்ந்து சட்டையை இழுத்துவிட்டார். "ஏறுங்க, ஏறுங்க. ஒண்ணுமில்ல. கை மரத்துப்போச்சு. பாலம் தாண்டினா மூணே ஸ்டாப்பு" என்று எஞ்சினைக் கிளப்பினார். கீழே இறங்கி நின்றவர்களும் ஏற ஆரம்பித்தார்கள். "அதான் சரியாயிடுச்சே, எடுங்க சார், லேட்டாகுது" என்று ஒரு ஆபீஸ் பை. "மனுஷன் நல்லாத்தான் இருக்காரு" என்று இன்னொருவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் குடையால் நாலு சாத்து சாத்தியிருப்பேன்.

கண்டக்டரம்மா கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தன் தோல்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

"நான் ஊத மாட்டேன் அண்ணே."

"தங்கச்சி, விளையாடாத."

"மச்சான் வீட்டுக்கு இன்னொரு கட்டில் போடணுமா? இத்தனை பேரையும் ஆத்துல இறக்கணுமா? நான் ஊத மாட்டேன். நீங்க இங்கியே குடியிருங்க."

எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. அப்போது பின்னாலிருந்து எவனோ இரண்டு விரலை வாயில் வைத்து இரட்டையாக விசிலடித்தான். பழக்கதோஷம், அண்ணனுடைய கை தானாகக் கியருக்குப் போனது.

"அது என் விசில் இல்ல" என்றார் கண்டக்டரம்மா.

அண்ணன் கியரிலிருந்து கையை எடுத்தார். பிறகு எஞ்சினை நிறுத்தினார்.

கண்டக்டரம்மா வண்டியை விட்டு வர முடியாது. ஆம்புலன்ஸில் நான்தான் ஏறினேன், கைப்பையில் புட்டிகளோடு. படுத்தபடி அவர் என் குடையைப் பிடித்து இழுத்தார். "டீச்சர், அவ வருவா. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் எந்திரிச்சதும் ஒழுங்காப் போட்டுக்கறேன். சத்தியமா." நான் முட்டாள் மாதிரி அவர் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டரம்மா. எப்போது ஆரம்பித்தது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரத்தில் சரியானது என்று கேட்டுக்கொண்டே வெளிச்சம் அடித்துக் கண்ணைப் பார்த்தார். தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வேறென்ன சாப்பிடுகிறார் என்றதும் நான் புட்டிகளைக் கொட்டினேன். கருப்பு மூடியைத் தனியாக எடுத்து வைத்து, "நல்லவேளை சொன்னீங்க. ரத்தத்துக்கு மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி இது தெரிஞ்சாகணும்" என்றார். "இது ஒரு எச்சரிக்கை. பெரிசா வர்றதுக்கு முன்னாடி சின்னதா வந்திருக்கு. மறுபடி எப்ப வேணா வரலாம்." பிரஷர் கருவியின் பட்டை அண்ணனுடைய கையில் இறுகியது. எண்ணைப் பார்த்து டாக்டரம்மாவின் புருவம் ஏறியது.

அப்போதுதான் அண்ணி உள்ளே வந்தார். சலவைக்கூடத்து நீல அங்கியைக்கூடக் கழற்றவில்லை. அழவில்லை, கத்தவில்லை. நேராக வந்து கட்டிலுக்கு வலது பக்கம் நின்று, புருஷனுடைய வாயைப் பார்த்தார். இரண்டு ஓரத்தையும் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். "கை?" என்றார். அண்ணன் இடது கையை மடக்கிக் காட்டினார். அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டார்.

"பிரஷருக்கு மாத்திரை போடறாரா?" என்றார் டாக்டரம்மா.

"போடறாரு டாக்டர்."

"தினமும்?"

"ஒரு நாள் தவறினது கிடையாது. எங்க வீட்டுல ஏற்கெனவே ஒருத்தரைப் படுக்க வெச்சிருக்கோம். அதனால நானே கையில குடுத்துடுவேன்."

டாக்டரம்மா எழுதுவதற்குக் குனிந்தார். "தினம் மாத்திரை போட்டும் இவ்வளவு இருக்குன்னா, அந்த மருந்து வேலை செய்யலைன்னு அர்த்தம். அப்ப வேற வழியிலதான் பாக்கணும். மருந்தைக் கூட்டி, இன்னொண்ணும் சேத்து..."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய்யின் மேல் மருந்து எழுதப் போகிறார்கள் என்று எனக்கே தெரிகிறது, அவருக்குத் தெரியாதா? என் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் ஒரு வீடு போகும், சொல்லாவிட்டால் இந்த மனிதரே போவார். வாயைத் திறந்தேன், ஆனால் அண்ணி என்னை முந்திக்கொண்டார்.

"நல்லாத் தெரியும் டாக்டர். நான் முன்னாடி நின்னு, தண்ணி குடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்துட்டுத்தான் வேலைக்கு அனுப்பறேன். எங்க அண்ணன் மாதிரி இல்ல இவரு, என் பேச்சைக் கேட்டு..."

கட்டிலின் கம்பிக்கு வெளியே அண்ணனுடைய வலது கை நீண்டது. முழங்கை மடங்காமல், உள்ளங்கை அண்ணியின் பக்கம் விரிந்து. முன்னால் ஏதோ இருக்கிறது, அங்கேயே நில் என்று பின்னால் வருகிற வண்டிக்கு ஜன்னல் வழியாக டிரைவர்கள் காட்டுகிற கை.

அண்ணி பாதிச் சொல்லில் நின்றார். டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"துப்பிட்டேன்" என்றார் அண்ணன். "தினமும்."

அண்ணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதை இறக்கவில்லை.